எண்ணூரில் இறங்கும் எரிவாயு கும்மிடிப்பூண்டி உலைக்குப் போய்ச் சேருமா?

நெருப்புக்கு ஆகும் பொருளைக் கடுங்குளிரில் உறைய வைத்துக் கடல் கடந்து கொண்டு வர முடியுமா?

முடியும். சென்னைக்கு வடக்கே, எண்ணூரிலுள்ள காமராஜர் துறைமுகத்தில் இந்த அதிசயம் 2019-ம் ஆண்டில் தொடங்கிற்று.

அங்கே வந்து நிற்கும் கப்பலின் வயிற்றுக்குள் இருப்பது இயற்கை எரிவாயு. ஆனால், அது வாயுவாக இல்லை. தண்ணீரைப் போலத் தெளிந்த திரவமாக இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர்வித்தால் இந்த வாயு திரவமாகி விடும். அப்போது அதன் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கி விடுகிறது. அறுநூறு அறைகளில் அடைக்க வேண்டியதை ஒரே அறையில் அடைத்து விடலாம்! இந்தக் கணக்கு மட்டும் இல்லாவிட்டால், வாயுவைக் கப்பலில் ஏற்றும் எண்ணமே எவருக்கும் தோன்றியிராது.

பெரிய கப்பல் ஒன்று சுமார் 70,000 டன் திரவ எரிவாயுவைச் சுமந்து வரும். எடையை மட்டும் பார்த்தால், அது ஏறக்குறைய 50 லட்சம் சமையல் சிலிண்டர்களுக்குச் சமம். ஒரே கப்பலில் ஐம்பது லட்சம் வீட்டு அடுப்புகளுக்கான சரக்கு!

எண்ணூரில் அதை இறக்கி வைக்க இரண்டு ராட்சதத் தொட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே 162 டிகிரிக் குளிர் காக்கப்படும். தேவைப்படும்போது திரவத்தை மீண்டும் சூடேற்றி வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன்னைக் கையாளும் சக்தி படைத்த இந்த முனையத்தை இந்தியன் ஆயில் நிறுவனம் நிர்மாணித்தது. 2019 மார்ச் 6-ந் தேதி அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரையில் இத்தகைய முனையம் அமைந்தது அதுவே முதல் தடவை.

கப்பல் வந்து விட்டது. தொட்டியும் நிரம்பி விட்டது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில்தான் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. இரவு பகலாக உலைகள் எரியும் ஊர் அது. கரையில் இறங்கிய எரிவாயு அந்த உலைகளின் வாசல் வரை போய்ச் சேர வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும்?

உலைகளின் ஊர்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் கும்மிடிப்பூண்டி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் ஆந்திர எல்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் நெடுஞ்சாலை, கைக்கெட்டும் தூரத்தில் துறைமுகங்கள். தொழில் வளர இதைவிட நல்ல இடம் எது? இங்கே 'சிப்காட்' தொழிற்பேட்டை அமைந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் அடுத்தடுத்து முளைத்தன. சற்று மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் பிரெஞ்சு நிறுவனமான மிஷலினின் டயர் தொழிற்சாலையும் வந்தது.

உடைந்த இரும்பும் பழைய தகடும் லாரி லாரியாக வந்து இறங்கும். மின்சார உலையில் அவற்றை உருக்கி, 'பில்லெட்' என்னும் நீண்ட கட்டைகளாக வார்ப்பார்கள். பிறகு அந்தக் கட்டைகளை இன்னோர் உலையில் 1,100, 1,200 டிகிரி வரை பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே விட்டு இழுப்பார்கள். கட்டை கம்பியாகும். நம் வீட்டுத் தளத்துக்குள் ஒளிந்திருக்கும் முறுக்குக் கம்பி இப்படிப் பிறந்ததுதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த எத்தனையோ இளைஞர்கள் இந்த அனலில் நின்று வேலை செய்கிறார்கள்.

முதல் உலைக்கு வேண்டியது மின்சாரம். எரிவாயுவுக்கு அங்கே வேலையில்லை. வார்த்த சூட்டோடு கட்டையை நேரே உருளைக்கு அனுப்பி, இரண்டாவது உலையையே தவிர்த்து விடும் ஆலைகளும் உண்டு. ஆனால், ஆறிப் போன கட்டையை மறுபடி காய்ச்சுகிற மில்களுக்கு எரிபொருள் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓடாது. காலங்காலமாக நிலக்கரியும் பர்னஸ் ஆயிலுமே அந்தப் பசியைத் தீர்த்து வந்தன. அவற்றோடு வந்த உபரிச் சரக்குகள்தாம் புகை, கந்தக நெடி, சாம்பல்!

சாம்பல் என்பது இந்த வட்டாரத்துக்குப் பழைய உறவு. வட சென்னை அனல் மின் நிலையம் 1990-களில் ஓடத் தொடங்கியது. பின்னர் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. ஆனால், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் படிந்த சாம்பலை மீனவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆகவே, 'புகை குறைந்த எரிபொருள்' என்ற சொல் திருவள்ளூர் மாவட்டத்தார் காதில் தேனாக விழுவதில் ஆச்சரியம் இல்லை.

தீ நம் கையில், விலை யார் கையில்?

ஒரு ரோலிங் மில்லில் பேச்சு இப்படிப் போகும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

"முதலாளி, கேஸ் வந்துட்டா தீ நம்ம கையில இருக்குங்க. வால்வைத் திருகினா ஏறும், திருகினா இறங்கும். கரி கொட்டி வைக்க இடம் வேணாம், சாம்பல் அள்ள லாரி வேணாம்" என்பார் உலை மேஸ்திரி.

"அதெல்லாம் சரிதான் மேஸ்திரி. தீ நம்ம கையில இருக்கும். விலை யார் கையில இருக்கும்?" என்பார் முதலாளி.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமே.

மேஸ்திரி சொல்வதைப் பார்ப்போம். ஒரே அளவு சூட்டுக்கு, நிலக்கரியை எரித்தால் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் இயற்கை எரிவாயுவை எரித்தால் வெளியாகிறது. சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை என்றே சொல்லி விடலாம். உலையின் சூடு ஒரே சீராக இருப்பதால், மேலே செதிலாகக் கருகி வீணாகும் இரும்பும் குறையும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்த வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் கசிந்து வானில் கலந்தால், கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கக் கூடியது அது. எனவே, கசியாத குழாயாக இருந்தால்தான் மேஸ்திரியின் வாதம் நிற்கும்.

முதலாளியின் கவலையோ வேறு. 2020-ம் ஆண்டில் கொரோனாவால் உலகமே முடங்கிக் கிடந்தபோது, ஆசியச் சந்தையில் பத்து லட்சம் வெப்ப அலகு கொண்ட எரிவாயு 2 டாலருக்கும் கீழே விற்றது. 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டது. ஐரோப்பிய நாடுகள் கிடைத்த கப்பலையெல்லாம் தங்கள் பக்கம் இழுத்தன. அதே சரக்கு 50 டாலரையும் தாண்டிப் போயிற்று! இரண்டே ஆண்டில் இருபத்தைந்து மடங்குக்கு மேல். அரிசி விலை இப்படி ஏறினால் நாடு தாங்குமா?

இதன் அடியை நேரில் வாங்கியது குஜராத்தின் மோர்பி நகரம். தரை ஓடுகளுக்குப் பெயர் போன ஊர் அது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே கரி எரிவாயுக் கலன்களுக்குத் தடை விதித்தது. தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. காற்றும் தெளிந்தது. 2022-ல் விலை எகிறியவுடன் அவற்றில் பல, மலிவாகக் கிடைத்த புரொபேன் பக்கம் சாய்ந்தன. கும்மிடிப்பூண்டி முதலாளி கையைப் பிசைந்து கொண்டு நிற்பதற்கு இந்தக் கதை ஒன்றே போதாதா?

வரியும் அவருக்கு ஒரு முட்டுக்கட்டை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, பெட்ரோலியப் பொருள்களில் ஐந்து அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. இயற்கை எரிவாயு அவற்றில் ஒன்று. நிலக்கரி வாங்குகிறவர் கட்டிய வரியைத் தாம் விற்கும் கம்பியின் வரியில் கழித்துக் கொள்ளலாம். எரிவாயு வாங்குகிறவர் மாநில வரியைக் கட்டிவிட்டு அப்படிக் கழிக்க முடியாது. சுத்தமான எரிபொருளுக்கு வரிச் சுமை, கரிக்குச் சலுகை! இந்த முரண்பாட்டைத் தீர்க்க வேண்டியவர்கள் டில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் இருக்கிறார்கள்.

மணலி முந்திக் கொண்டது

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் எண்ணூர் எரிவாயு முதலில் பயன்பட்ட இடம் பக்கத்து மணலிதான். அங்கே மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் உரத் தொழிற்சாலை 1971 முதல் யூரியா செய்து வருகிறது. அதற்கு மூலப் பொருளாக இருந்தது நாப்தா என்னும் பெட்ரோலிய எண்ணெய். 2019-ல் எண்ணூர்க் குழாய் வந்தவுடன் அந்த ஆலை நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறிற்று.

வாயுவிலிருந்து உரமா என்று வியக்க வேண்டாம். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா. அம்மோனியாவிலிருந்து யூரியா. கடலில் மிதந்து வந்த சரக்கு, கடைசியில் நெற்கதிராகத் தலை சாய்க்கிறது!

மணலிக்கு ஒரு வசதி இருந்தது. அங்கே வாங்குகிறவர்கள் பெரிய ஆலைகள், தூரமோ குறைவு. கும்மிடிப்பூண்டியில் வாங்க வேண்டியவர்கள் சிறியவர்கள், பலர். ஒவ்வொருவர் வாசலுக்கும் தனிக் கிளை போட வேண்டும். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் எரிவாயு விநியோகிக்கும் உரிமை டோரண்ட் கேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. பெருங்குழாயிலிருந்து வாயுவைப் பெற்று, ஆலைகளுக்கும், வாகன நிலையங்களுக்கும், வீட்டு அடுப்புகளுக்கும் சிறு குழாய்களில் பிரித்துக் கொடுப்பது அதன் பொறுப்பு.

கொச்சி கற்பித்த பாடம்

தொட்டி கட்டி விட்டால் போதாது, குழாய் வேண்டும் என்பதைக் கொச்சி முன்பே காட்டிற்று. அங்கே இதே 50 லட்சம் டன் அளவுள்ள முனையம் 2013-ல் திறக்கப்பட்டது. ஆனால், வாயுவைக் கொண்டு போகக் குழாய் இல்லை. முனையத்தின் சக்தியில் ஒரு சிறு பகுதிக்கே பல ஆண்டுகள் வேலை கிடைத்தது. கொச்சியிலிருந்து மங்களூருக்கு 450 கிலோமீட்டர்க் குழாய் திறக்கப்பட்டபோது 2021 ஜனவரி ஆகி விட்டது.

எண்ணூரும் முதல் சில ஆண்டுகள் அதே நிலையில்தான் இருந்தது. அதன் சக்தியில் பாதிக்குக்கூட வேலை இல்லை. எண்ணூரில் தொடங்கி, திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று பேர் சொல்லவே மூச்சு வாங்கும் பெருங்குழாய்த் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. மொத்த நீளம் சுமார் 1,400 கிலோமீட்டர். அது ஒரே மூச்சில் முடியவில்லை. துண்டு துண்டாக வளர்ந்தது. ராமநாதபுரம்-தூத்துக்குடி 143 கிலோமீட்டர்ப் பகுதி 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எண்ணூர்-செங்கல்பட்டு 115 கிலோமீட்டர்ப் பகுதி 2022 மே மாதத்திலும், செங்கல்பட்டிலிருந்து சாயல்குடி வரையிலான 488 கிலோமீட்டர்ப் பகுதி 2024 ஜனவரியிலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. திருவள்ளூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் கிளையின் நீளம் 271 கிலோமீட்டர்.

குழாய் வயல் வழியே போகிறதே!

பூமிக்கடியில் போகிற குழாய்க்கு மேலே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் அல்லவா? அவர் சங்கதி என்ன?

1962-ம் ஆண்டு மத்திய சர்க்கார் கொண்டு வந்த பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. நிலம் விவசாயியுடையதாகவே இருக்கும். அடியில் குழாய் பதிக்கும் உரிமை மட்டும் எடுத்துக் கொள்ளப்படும். அதற்கு ஈடாக நில மதிப்பில் பத்து சதவீதமும், பயிர் சேதத்துக்குத் தனி நஷ்டஈடும் உண்டு. குழாய் பதித்த பிறகு உழலாம், நெல் நடலாம். ஆனால், அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது; கிணறு வெட்டக் கூடாது; மரம் நடக் கூடாது.

இருபது ஏக்கர்க்காரருக்கு இது பெரிய சங்கடமாக இராது. ஒரு ஏக்கர்க்காரருக்கோ, பாதி நிலம் கை நழுவிய மாதிரிதான். தென்னை வைக்க முடியாத நிலத்தை எவர் நல்ல விலைக்கு வாங்குவார்? மகளின் கல்யாணத்துக்கு விற்க நினைத்த காணிக்குப் பத்து சதவீதம் ஈடாகுமா?

இந்தக் கேள்வி மேற்கு மாவட்டங்களில் பெரும் போராட்டமாக வெடித்தது. 'கெயில்' நிறுவனத்தின் கொச்சி-பெங்களூரு குழாய், கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாய நிலங்களைக் கடக்க இருந்தது. வயலை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகப் போங்கள் என்று 2013-ல் மாநில அரசு உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. சட்டம் ஜெயித்தது, விவசாயியின் மனக்குறை தீர்ந்ததா? வேலை ஆண்டுக் கணக்கில் இழுத்துக் கொண்டே போனதே அதற்குப் பதில்.

பெரியகுப்பத்தின் இரவு

நிலத்தை இழக்கும் அச்சம் வயல்காரருக்கு. உயிர் அச்சம் கடற்கரைக்காரருக்கு.

2023 டிசம்பர் 26. எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் ஊர் அடங்கியிருந்த நேரம். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு போகும் கடலடிக் குழாய் ஒன்று கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல். குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு ஜனங்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

அது அம்மோனியா, இது மீத்தேன். அந்தக் குழாய் வேறு, இந்தக் குழாய் வேறு. மீத்தேனை முகர்ந்தால் கண் எரியாது. காற்றைவிட லேசானது என்பதால் மேலே எழும்பிப் போய்விடும். சிலிண்டர் கேஸ் போலத் தரையில் தங்காது. அதற்கென்று வாசனை கிடையாது. ஊருக்குள் விநியோகிக்கு முன் 'மெர்காப்டன்' என்னும் நாற்ற மருந்தைக் கலந்து விடுவார்கள். கசிந்தால் மூக்கே காவல்காரன்!

ஆனாலும், தீப்பொறி பட்டால் மீத்தேனும் எமன்தான். 2014 ஜூன் 27-ந் தேதி அதிகாலை, ஆந்திராவின் கிழக்குக் கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே ஈரம் கலந்த வாயு, குழாயை உள்ளிருந்தே அரித்து விட்டிருந்தது. கப்பலில் வரும் வாயுவில் ஈரம் இல்லை. முன்பே நீக்கி விடுகிறார்கள். அது ஒரு பாதுகாப்பு. ஆனால், வெளியிலிருந்து மண் அரிப்பதும், பொக்லைன் இயந்திரம் தெரியாமல் தோண்டி விடுவதும் எந்தக் குழாய்க்கும் நேரலாம்.

எனவே, பெரியகுப்பத்தார் கேட்பது பெரிய விஞ்ஞானக் கேள்வி அல்ல. எங்கள் தெருவுக்கு அடியில் எது போகிறது? கசிந்தால் எந்தத் திசையில் ஓட வேண்டும்? நள்ளிரவில் எங்களை எழுப்பப் போவது யார்? குழாய் போகிற ஒவ்வொரு ஊரும் இதைத்தான் கேட்கும். அடையாளக் கம்பத்தில் தமிழில் பெரிதாக எழுதிய தொலைபேசி எண், ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஊர் ஜனங்களோடு ஒத்திகை, இரவிலும் கேட்கும் அபாயச் சங்கு, இவற்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஒரு கிலோமீட்டர்க் குழாயின் செலவுகூட ஆகாது.

மூவரும் சம்மதித்தால்

குழாய் என்பது லாரியைப் போன்றதல்ல. லாரியை இன்று கும்மிடிப்பூண்டிக்கும் நாளை கோயம்புத்தூருக்கும் ஓட்டலாம். மண்ணில் புதைத்த குழாய் புதைத்த இடத்திலேயே பல பத்தாண்டுகள் கிடக்கும். விற்பவர், வாங்குபவர், நடுவே நிலத்தையும் வீட்டையும் வைத்திருப்பவர் ஆகிய மூவரையும் அது ஒரே கயிற்றில் கட்டி விடுகிறது.

உலைக்காரர் எரிவாயு அடுப்புக்காகப் பல லட்சம் ரூபாய் போட வேண்டுமானால், நாளைக்கு யுத்தம் மூண்டாலும் விலை வானத்துக்குப் பறக்காது என்று உறுதி வேண்டும். நீண்ட கால ஒப்பந்தமும், நேர்மையான வரியும் அந்த உறுதியைத் தரலாம். விவசாயி சம்மதிக்க வேண்டுமானால், பத்து சதவீதம் என்ற அறுபது ஆண்டுப் பழைய கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். கடற்கரைக்காரர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால், அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

எண்ணூர்த் தொட்டியில் 162 டிகிரிக் குளிரைக் காக்கத் தெரிந்த நம் பொறியாளர்களுக்குக் கும்மிடிப்பூண்டி வரை ஒரு குழாய் போடுவது பெரிய காரியமில்லை. அவர்கள் வேலை அங்கே முடிந்து விடும். மேஸ்திரியின் ஆசையும், முதலாளியின் கணக்கும், ஒரு ஏக்கர்க்காரரின் நியாயமும், பெரியகுப்பத்துத் தாயின் தூக்கமும் ஒன்று சேர்வது மற்றவர்கள் கையில் இருக்கிறது. சேருமானால், அன்று கும்மிடிப்பூண்டி உலைகளின் புகை தணியும், தீ அணையாது.